தில்லையண்ணர் காவல் நின்ற நாடு

எங்கள் குடும்பத்தில் கொள்கை பிடித்தவர்கள் யாரும் உருப்பட்டதில்லை. என் பெரியப்பா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த பிறகு, அரச ஊழியர்கள் சிங்களச் சோதனை எழுதிச் சித்தியடைய வேண்டும் என்றார்கள். கூட இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். பெரியப்பா மட்டும், "பிறந்த நாட்டிலை வேலை செய்யிறதுக்கு இன்னொருத்தன்ரை பாசையிலை சோதினையோ?" என்று கேட்டு, விலகல் கடிதம் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அதற்குப் பிறகு பெரியம்மா தையல் மெசினை மிதித்துத்தான் நான்கு பிள்ளைகளை வளர்த்தார். ஊரில் எல்லோரும் பெரியப்பாவை மதித்தார்கள். மதிப்பை உலையில் போட முடியாது என்பது பெரியம்மா ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

அந்தப் பெரியப்பாவின் மூத்த மகன் தில்லையம்பலம். எனக்கு அண்ணன். 1993ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு தோல்பையுடன் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து, போர்கோ வெக்கியோவில் நானும் என் கணவர் றஞ்சித்தும் இருந்த இரண்டு அறை வீட்டில் தங்கினார். கீழே சந்தை. காலையில் மீன்காரன் போடும் சத்தத்தில் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். அண்ணர் விமானப் பொறியியல் படித்தவர். இங்கே அவருக்குக் கிடைத்த வேலை, பொலிதேயாமா அரங்குப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் படுக்கையில் கிடந்த அவளுடைய தகப்பனைத் தூக்கி, கழுவி, சாப்பாடு தீத்துவது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "கிழவன் நல்ல மனுசன், அரசியல் கதைப்பான்" என்பார்.

அரசியல் கதைக்க ஆள் கிடைத்தால் போதும், அண்ணருக்குப் பசி எடுக்காது.

அவர் வந்தது லத்வியாவிலிருந்து. 82இல் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் ஒருவரின் சிபாரிசில் சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து ரீகா நகரத்துக்குப் படிக்கப் போனார். அப்போது அது சோவியத்தின் ஒரு மூலை. லத்வியர்கள் சின்னச் சனம். தனி மொழி, தனிப் பாட்டு, முன்பு தனி நாடும் வைத்திருந்தவர்கள். உலகப் போரோடு சோவியத் அதை விழுங்கிவிட்டது. போருக்குப் பிறகு ருசியர்கள் பெருந்தொகையாக அங்கே வேலைக்கு வந்து குடியேறினார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்துக்கு ரீகாவில் பிறந்தவள்தான் வலென்தீனா. வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அண்ணர் படிப்பை முடிக்கும் முன்பே அவளைக் கலியாணம் செய்துகொண்டார். 88இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆரணி என்று பெயர் வைத்தார்கள். ரீகாவில் ஆரணி! அந்தப் பனிநாட்டுப் பிள்ளைகளின் வாயில் அந்தப் பெயர் என்ன பாடு பட்டிருக்குமோ.

91 தை மாதத்தைப் பற்றி அண்ணர் எங்களுக்குச் சொல்லாத நாள் இல்லை. லத்வியர்கள் விடுதலை கேட்டார்கள். சோவியத் படை வந்துவிடும் என்று பயந்து, லொறிகளையும் உழவு இயந்திரங்களையும் மரக்குற்றிகளையும் கொண்டுவந்து தெருக்களை மறித்தார்கள். தீ மூட்டிச் சுற்றி நின்று காவல் காத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரேயொரு கறுத்த முகம் எங்கள் அண்ணருடையது. ஒன்பது நாட்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். விறகு சுமந்தாராம். விளங்காத பாட்டுக்கெல்லாம் வாயசைத்தாராம்.

"எனக்கு அங்கை யாழ்ப்பாணந்தான் தெரிஞ்சுது ராசேஸ்," என்பார். "சின்னச் சனம். தங்கடை பாசை, தங்கடை மண். பெரிய நாடு ஒண்டு கழுத்திலை காலை வைச்சிருக்கு. நான் எப்பிடி வீட்டுக்குள்ளை இருக்கிறது?"

இதுதான் அவர் விட்ட பிழை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் விடமுடியாத பிழை. லத்வியரைப் பார்த்தபோது அவருக்குத் தமிழர் தெரிந்தார்கள். தன் பக்கத்தில் படுத்திருக்கிறவள் யார் பெற்ற பிள்ளை, அந்தச் சனத்தின் கண்ணுக்கு அவள் எந்தப் பக்கத்து ஆள் என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து வாக்கெடுப்பு வந்தது. லத்வியா சுதந்திர சனநாயக நாடாக வேண்டுமா என்று கேள்வி. அங்கே குடியிருந்த சோவியத் பிரசைகள் எல்லோருக்கும் வாக்கு இருந்தது, ருசியர்களுக்கும்தான். வெளிநாட்டவரான அண்ணருக்கு இல்லை. வலென்தீனாவுக்குத் தயக்கம். அவளுடைய தாய், "வேண்டாம், பிறகு எங்களைத் துரத்துவாங்கள்" என்று அழுதாளாம். அண்ணர் மூன்று நாள் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் எடுத்தார். ஒரு சனம் தன் நாட்டைக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுவது பாவம், சனநாயகம் வந்தால் எல்லோருக்கும் இடமிருக்கும், ஓம் என்று போடு என்றார். அவள் ஓம் என்று போட்டாள். அவளைப்போல எத்தனையோ ருசியர்கள் அன்றைக்கு ஓம் போட்டார்களாம்.

ஆவணியில் நாடு கிடைத்தது. பிறகு சட்டம் வந்தது. 1940க்கு முன்பு அந்த நாட்டுப் பிரசைகளாக இருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும்தான் இனிப் பிரசைகள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ரீகாவில் பிறந்து, ரீகாவில் படித்து, ரீகாவைத் தவிர வேறு ஊர் தெரியாத வலென்தீனா ஒரு நாட்டுக்கும் உரியவள் இல்லை என்றாகிவிட்டாள். ஆரணியும்தான். 93இல் நடந்த முதல் தேர்தலில் அவளுக்கு வாக்கில்லை. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார். அதே ஆண்டு தொழிற்சாலையும் மூடப்பட்டது. அண்ணரின் வதிவிடப் பத்திரத்தைக் கொடுத்த சோவியத் நாடே இல்லாமல் போனதால் அதைப் புதுப்பிக்க வழியில்லை. அதனால்தான் என் விலாசத்தைத் தேடி வந்தார்.

"உங்களை ஏமாத்திப் போட்டாங்களே அண்ணை," என்றேன் ஒருநாள்.

"அப்பிடிச் சொல்லாதை. அவையளுக்கும் பயம் இருக்கு. சொந்த நாட்டிலை தாங்கள் அரைவாசியாப் போனம் எண்ட பயம். புது நாடு, சட்டம் கொஞ்சம் கொஞ்சமாத் திருந்தும். சனநாயகம் எண்டால் பொறுமைதான்."

பொறுமையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கீழ்வீட்டுக் கொன்சேத்தாவுக்கும் அவர் இந்தப் பாடத்தை எடுத்தார். ஏதோ ஒரு தேர்தல் நெருங்கியபோது ஒருவன் அவள் வீட்டுக்கு ஒரு பை பாஸ்தாவும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்து, யாருக்குப் போட வேண்டும் என்று துண்டுச்சீட்டும் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணர் படியில் நின்று தன் அரைகுறை இத்தாலியனில், வாக்கு இரகசியம், விரும்பியவருக்குப் போடலாம், பாஸ்தாவை வைத்துக்கொள் என்றார். கொன்சேத்தா வயிறு குலுங்கச் சிரித்தாள். "என் மகனுக்கு வேலை யார் எடுத்துக் கொடுப்பது? நீயா?" என்று கேட்டாள். அண்ணர் முகம் சிவக்க மேலே வந்து, "இவையளுக்குச் சும்மா கிடைச்சது, அதுதான் அருமை தெரியேல்லை" என்றார். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுந்தம் காட்டுவானாம் என்று றஞ்சித் குசினிக்குள் நின்று சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதனுக்கு மனைவியும் மகளும்தான் உயிர். மூன்று வருடமாக அவர்களைப் பலேர்மோவுக்குக் கூப்பிடுவது ஒன்றே அவர் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகப் பக்கம் நடந்து போய், காலையில் வரும் நாப்போலிக் கப்பலைப் பார்த்துவிட்டு வருவார். ரோமில் இறங்கி, ரயிலில் நாப்போலி வந்து, கப்பல் ஏறி வந்தால் ஆரணிக்குக் கடல் காட்டலாம் என்று திட்டம். 96இல் பொதுமன்னிப்பு வந்தபோது அவருக்குப் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடைத்தது. 97 பங்குனியில், குடும்பத்தை அழைக்கலாம் என்று குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் தரும் அனுமதிக் கடிதமும் கிடைத்தது. அதற்காக அவர் எத்தனை விடியற்காலை வரிசையில் நின்றார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும் எடுத்தார். சிஞ்ஞோரா ஒரு பழைய இரும்புக் கட்டில் கொடுத்தாள், ஆரணிக்கு. நான் திரைச்சீலை தைத்தேன்.

குறையாக இருந்தது வலென்தீனாவின் கடவுச்சீட்டு. அதுவும் அந்த வைகாசியில் வந்துவிட்டது. நாட்டுரிமை இல்லாதவர்களுக்கு லத்வியா ஊதா நிறத்தில் ஒரு புதுக் கடவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவளும் ஆரணியும் எடுத்த படம் கடிதத்தோடு வந்தது. பிள்ளை பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். பெட்டி கட்டியாயிற்று, விசா மனுக் கொடுக்கப் போகிறேன், ஆடியில் வருவோம் என்று எழுதியிருந்தாள். நான் கொன்சேத்தாவிடம் கூடச் சொல்லிவிட்டேன்.

அண்ணர் அந்தப் படத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

"என்ன அண்ணை?"

"அதிலை என்ன எழுதியிருக்கு எண்டு தெரியுமே உனக்கு? வேற்றாள். வேற்றாளின்ரை கடவுச்சீட்டு. பிறந்த ஊரிலை என்ரை பெண்சாதி வேற்றாளாம்."

"என்னத்தை எண்டாலும் எழுதட்டும். விசா ஒட்ட இடம் இருக்குத்தானே."

"இல்லை ராசேஸ். இதோடை அவள் வெளிக்கிட்டால் அவ்வளவுதான். எங்கடை தேயிலைத் தோட்டத்து மலையகச் சனத்துக்கு நாப்பத்தெட்டிலை என்ன நடந்தது? முதல் பிரசையள் பட்டியலிலை பேரை வெட்டிச்சினம். பிறகு இந்தியாவுக்குக் கப்பலிலை ஏத்திச்சினம். போனதுகள் திரும்பி வந்ததுகளே? இருந்து உரிமை கேக்கவேணும். பிரசையாக மனுப்போட வயசு வயசாத்தான் விடுகினம், வாற வருசம் அவளின்ரை வயசுக்காரருக்கும் கதவு திறக்குது. லத்வியப் பாசையிலை சோதினை எழுதிச் சித்தியடைஞ்சால் பிரசை. பிரசையா வரட்டும். தலை நிமிர்ந்து வரட்டும்."

எனக்கு நம்பமுடியவில்லை. "சோதினையோ?" என்றேன். "சோதினை எழுதமாட்டன் எண்டு வேலையை எறிஞ்சிட்டு வந்த பெரியப்பாவின்ரை மகன் சொல்லுற கதையே இது?"

"அது வேறை, இது வேறை. அங்கை பெரியவன் சின்னவனை நசுக்கினான். இஞ்சை சின்னச் சனம் தன்ரை பாசையைக் காப்பாத்துது."

"எழுதுறவளுக்கு ரெண்டும் ஒண்டுதான், அண்ணை."

அவர் கேட்கவில்லை. அன்று பின்னேரமே போன் எடுத்தார். வலென்தீனா அழுதாளாம். வேற்றாளாகவே வருகிறேன், எனக்கு உன்னோடு இருந்தால் போதும் என்றாளாம். அண்ணர் விடவில்லை. உன் பெயர் அந்த நாட்டின் பட்டியலில் ஏறவேண்டும், அதற்காகத்தான் நான் தெருவில் நின்றேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவள் சரி என்றாள். குவெஸ்தூராக் கடிதத்தின் தவணை முடிந்து வீணாகப் போயிற்று. அந்தக் கிழமை முழுக்க நான் அவருக்குச் சோறு போட்டேனே தவிர முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு ஒன்றேகால் வருடம். முதலில் வந்த கடிதங்களில், வேலை முடிந்து களைத்துப் போய் வகுப்பில் தூங்கி விழுகிறேன், ஆரணி என்னைவிட நன்றாகப் பேசுகிறாள் என்றெல்லாம் இருக்கும். அண்ணர் ருசிய மொழியில் இருந்ததை எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுவார். போகப் போகக் கடிதத்தில் வகுப்புத் தோழிகள் வந்தார்கள். நாட்டின் அரசியல் யாப்பைப் பற்றி வந்தது. தேசிய கீதத்தை மனப்பாடமாக எழுத வேண்டும், எழுதிவிட்டேன் என்று வந்தது. ஆரணியை லத்வியப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டாள். "எப்ப வருவன்" என்று கேட்பதை எந்தக் கடிதத்தில் நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகமில்லை. அண்ணர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவள் படிக்கும் பாடங்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்.

98 ஆவணியில் அவள் சத்தியப்பிரமாணம் செய்து பிரசையானாள். அவளோடு ஆரணியும். அண்ணர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் இங்கே லட்டு எங்கே? சந்தையில் கன்னோலி இனிப்பு வாங்கி வந்தார். சிஞ்ஞோராவின் தகப்பன் அதற்குள் செத்துப்போயிருந்தார். இருந்திருந்தால் அவருக்கும் தீத்தியிருப்பார். மறுபடியும் குவெஸ்தூரா வரிசையில் நின்று இரண்டாம் முறை அனுமதிக் கடிதம் எடுத்தார். நானும் கோபத்தை விட்டு மேல்மாடி அறையைக் கழுவினேன்.

ஐப்பசி நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் லத்வியாவில் தேர்தல். வலென்தீனா போட்ட முதல் தேர்தல் வாக்கு. அத்தோடு ஒரு கேள்விக்கும் வாக்கெடுப்பு: அவளைப்போல வெளியே நிற்கிற மற்றவர்கள் பிரசையாவதை இலகுவாக்கலாமா என்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணர் தொலைபேசி அட்டையோடு துறைமுகத்துக்கு எதிரில் இருந்த கூண்டுக்குப் போனார். "முதல் எப்ப வாறாள் எண்டு கேளுங்கோ, பிறகு தேர்தலைக் கேளுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

கேட்டாரா? எனக்கு ருசியம் தெரியாது. ஆனால் கைவிரலை நீட்டி எண்ணுவதையும், பெட்டியை மூடுவதுபோலக் கையைக் காட்டுவதையும் பார்த்தால் தெரியாதா? பத்து நிமிடம் தேர்தல்தான். சிரித்தார். தலையாட்டினார். பிறகு ஏதோ கேட்டார். சிரிப்பு நின்றது. இன்னும் ஏதோ கேட்டார். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு தடவை "ஆரணி" என்றார், பிள்ளையோடு கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு போனைக் கவனமாகக் கொளுவிவிட்டு வெளியே வந்தார்.

"என்னவாம்?"

"அவள் வாக்குச்சாவடியிலை உதவியாளா நிண்டவளாம். எண்ணேக்கையும் இருந்தவளாம்."

"அண்ணை, என்னவாம்?"

"மற்றவையளுக்கு இலகுவாக்குறதுக்கு அவள் வேண்டாம் எண்டு போட்டிருக்கிறாள், ராசேஸ். தான் படிச்சுத்தானே வந்தனான், அவையளும் படிச்சிட்டு வரட்டும் எண்டாள். ஆனா சனம் ஓம் எண்டு போட்டிட்டுதாம். அதிலை அவளுக்குக் கவலை."

இரண்டு மாதத்துப் பிரசை! ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்க அவளுக்கு இரண்டு மாதம் போதுமாயிருந்தது.

"வாறாளோ இல்லையோ?"

அண்ணர் கடலைப் பார்த்தார். "வரேல்லையாம். பள்ளிக்கூடக் குசினியிலை வேலை கிடைச்சிட்டுது, நிரந்தர வேலை. ஆரணிக்கும் அங்கை பிடிச்சிட்டுது. ஏழு வருசம் வேற்றாளா இருந்தனான், இப்பதான் மனுசியாயிருக்கிறன், இனி அங்கை வந்து வேற்றாளா இருந்து வீடு துடைக்கமாட்டன் எண்டாள்."

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை என்று என் வாய்வரை வந்தது. ஆனால் நம்பச் சொன்னதே புருசன்தானே. யாரைத் திட்டுவது?

"அப்ப நீங்கள் அங்கை போங்கோ. பிரசையின்ரை புருசனைக் கூப்பிடலாந்தானே?"

"கூப்பிடலாம். அவள் கையெழுத்து வைக்கவேணும். கேட்டன்."

"என்ன சொன்னவள்?"

"யோசிக்கவேணுமாம்." தொலைபேசி அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "யோசிக்கிறதுக்கு அவளுக்கு உரிமை இருக்குத்தானே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே கத்திவிட்டேன். "உரிமையும் கோதாரியும்! அண்டைக்கே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். பெட்டி கட்டினவளை மறிச்சது நீங்கள். விசரா உங்களுக்கு?" தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணர் அழுதிருந்தால் கூட எனக்கு ஆறியிருக்கும். அழவில்லை. சந்தைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார், நானும் பின்னால் போனேன்.

கார்த்திகை போயிற்று. மார்கழியும் வந்தது. கையெழுத்து வரவில்லை. ஆரணியிடமிருந்து ஒரு நத்தார் வாழ்த்து அட்டை வந்தது, லத்விய மொழியில். அந்த மொழியை அண்ணர் படித்ததில்லை. ருசியம் தெரிந்தால் போதுமென்று இருந்த காலத்து ஆள் அவர். பலேர்மோ முழுக்கத் தேடியும் வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கடைசி வரியில் அப்பா என்ற பொருளில் இருந்த "பாப்பா" என்ற ஒரு சொல்லை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்.

அந்த மாதக் கடைசியில் பெர்மெசோ புதுப்பிக்க வேண்டும். போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர் அண்ணர்தான். தன்னுடையதை எங்கள் மேசையில் வைத்து எழுதிக்கொண்டு வந்தவர், மனைவி, பிள்ளைகள் பெயர் கேட்கிற இடத்தில் நின்றுவிட்டார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் பேனையைப் பிடித்தபடியே இருந்தார்.

"எழுதுங்கோ அண்ணை," என்றேன். "பேரை எழுதினால் ஆர் என்ன கேக்கப்போறான்? இன்னும் உங்கடை பெண்சாதிதானே."

"அவளைக் கேக்காமல் அவளின்ரை பேரை நான் எப்பிடி எழுதுறது, ராசேஸ்?"

அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே கையெழுத்தைப் போட்டார்.